மலைநீரும் காரீயமும்

ஈயம் என்னும் ஒரே சொல்லால் தமிழர் இரண்டு உலோகங்களைக் குறித்து வருகின்றனர். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். முன்னது வெண்மையும் பளபளப்பும் உடையது; கோலாக வார்த்து வளைத்தால் மெல்ல முனகுவது; உணவிற் சிறிது கலப்பினும் பெருந்தீங்கு செய்யாதது. பின்னது வெட்டிய இடத்தில் மட்டும் மின்னிச் சிறிது நேரத்திற் கறுத்துப் போவது. நகத்தாற் கீறினும் கீறு விழும் மென்மையது. உடலிற் புகுந்தால் எலும்பிற் குடியேறிப் பல்லாண்டு தங்கி, குருதியையும் சிறுநீரகத்தையும் மூளையையும் கெடுப்பது. அகராதியில் இவை வேறு வேறு. வீட்டு வழக்கிலோ ரசம் வைக்கும் சொம்பும் ஈயம், மீன்வலையிற் கோக்கும் குண்டும் ஈயம்.

இச்சொற்குழப்பம் புலவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாள்தோறும் குடிக்கும் தண்ணீரோடு அது தொடர்புடையது. தண்ணீர் என்றதும் கிருமியை நினைக்கின்றோம்; கொதிக்க வைத்துவிட்டால் அச்சம் தீர்ந்தது என்று கருதுகின்றோம். கிருமியல்லாத ஒரு நஞ்சு, அதுவும் ஊற்றில் இல்லாமல் வழியிலே வந்து சேர்வது, நம் கணக்கில் இன்னும் ஏறவில்லை. அதன் வரலாற்றைச் சிறிது விரித்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்பார், இந்தியரிடம் செம்பும் இல்லை, ஈயமும் இல்லை, முத்தும் மணியும் கொடுத்து அவற்றை வாங்கிக்கொள்கின்றனர் என்று எழுதி வைத்தார். இது முழுவதும் உண்மையன்று. இராஜஸ்தானத்து ஜாவர் மலைப்பகுதியிற் காரீயக் கனிமம் தொன்றுதொட்டு வெட்டப்பட்டு வந்தது. ஆயினும் தென்னாட்டைப் பொறுத்தவரையில் பிளினியின் கூற்றை அடியோடு தள்ளவும் இயலாது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த பெரிபுளூஸ் என்னும் கடல்வழி நூல், முசிறித் துறையில் வந்திறங்கிய சரக்குகளுள் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் எண்ணுகின்றது. சாதவாகன மன்னர் காரீயத்திலேயே காசு அடித்தனர். சோழமண்டலக் கரையிற் கிடைத்த அவற்றுட் சிலவற்றில் இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்திருப்பதை இன்றும் காணலாம். கையாற் புழங்கிய காசு தீது என்று அன்று எவரும் நினைத்திருக்க இடமில்லை.

வெள்ளீயத்திற்கோ கிழக்கிலும் ஒரு பிறப்பிடம் இருந்தது. அது நாம் இன்று வாழும் மலாய்த் தீபகற்பமே. ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் எழுதிய அராபிய நிலநூலார், கலா என்னும் துறைமுகத்திலிருந்து வெள்ளீயம் ஏற்றுமதியானதைக் குறிக்கின்றனர். அவ்வூர்ப் பெயரே அராபியில் வெள்ளீயத்திற்குப் பெயராகி, இந்துஸ்தானி வழியே தமிழிற் 'கலாய்' என்று வந்தது என்பர். கலா என்பது நம் கடாரமே என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா. பித்தளைப் பாத்திரத்திற்குக் கலாய் பூசும்போது அச்சொல்லில் மலாய்க் கரையின் பெயர் ஒலிக்கின்றது என்று அறிந்தாற் போதும். கேமரன் மலையின் மேற்கு அடிவாரத்தில் பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கும் லாருட்டிலும் எடுத்த வெள்ளீயத்தால், 1883-ஆம் ஆண்டளவில் மலாயா உலகிலேயே அதனை மிகுதியாக விளைவிக்கும் நாடாயிற்று. 1985 அக்டோபரில் விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்படும் வரையில் அப்பெருமை ஏறியும் இறங்கியும் நிலவிற்று.

கலாய் எதற்காக? பித்தளையிற் புளி பட்டாற் களிம்பேறும். அக்களிம்பைத் தடுக்க வெள்ளீயம் ஒரு போர்வையாகின்றது. நவச்சாரம் தூவி, துருத்தி ஊதி, பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பாத்திரம் வெள்ளியாக ஒளிரும். இதுவரையில் நன்று. ஆனால் வெள்ளீயத்தினும் காரீயம் விலை மலிவு. வெள்ளீயம் 232 பாகையிலும் காரீயம் 327 பாகையிலும் உருகுபவை; இரண்டையும் தக்க அளவிற் கலந்தாலோ 183 பாகையிலேயே உருகிவிடும். உலோகங்களை ஒட்டவைக்கும் பற்றாசுக்கு இக்கலவை உகந்ததாயிற்று. கலாய்க்காரனுக்கு அதுவே ஆசை காட்டும் குறுக்குவழியும் ஆயிற்று. காரீயம் கலந்த பூச்சும் முதல் நாள் பளபளக்கத்தான் செய்யும். இன்றுங்கூடக் கடையில் ஈயச் சொம்பு என்று வாங்கினால், அது எந்த ஈயம் என்று கடைக்காரரைக் கேட்பவர் நூற்றுக்கு எத்தனை பேர்?

நிற்க. பாத்திரத்தை விட்டுக் குழாய்க்கு வருவோம்.

காரீயத்தைத் தகடாக்கி, சுருட்டி, விளிம்பை ஒட்டிக் குடிநீர்க் குழாய் செய்வதைப் பெருந்தொழிலாக வளர்த்தவர் ரோமர். அவர்களுள்ளேயே அதை எதிர்த்துப் பேசியவர் ஒருவர் இருந்தார். விட்ருவியஸ் என்னும் கட்டடக்கலை வல்லுநர், கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில், காரீயக் குழாயைவிடச் சுட்ட மண் குழாயில் வரும் நீரே உடலுக்கு நல்லது என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்று நேரிற் கண்டது: காரீயம் உருக்குவோரின் மேனி வெளுத்திருப்பதைப் பாருங்கள் என்றார். தொழிலாளியின் உடம்பையே சான்றாகக் கொண்டு தண்ணீரின் நலத்தை ஆராய்ந்த இம்மனிதரை நாம் மதிக்க வேண்டும். அவர் சொல்லை ஊரார் கேட்கவில்லை. காரீயம் வளைக்க எளிது. மண் குழாய் உடையும். செல்வர் எளிதையே தேர்ந்தனர்.

காரீயக் குழாயாலேயே ரோமப் பேரரசு வீழ்ந்தது என்று சிலர் எழுதுவது மிகை என்பது எம் கருத்து. அந்நகர்க்கு வந்த நீர் சுண்ணாம்பு மிக்க கடின நீர். குழாயின் உட்புறத்தில் அது தானே ஒரு காரை பூசிவிடும். பெரும்பாலும் அது நில்லாமல் ஓடிக்கொண்டும் இருந்தது. ஆகவே நீரில் காரீயம் ஏறியதாயினும், கண்டவர் கண்டவாறு மிகைப்படுத்தும் அளவிற்கு ஏறியிராது.

தீங்கின் முழு உருவத்தைக் காண வேண்டுமானால் மென்மையான மலைநீர் உள்ள நாட்டிற்குச் செல்ல வேண்டும். ஸ்காத்லாந்து அத்தகைய நாடு. கிளாஸ்கோ நகரம் காலராவால் வாடிக் கிடந்த காலத்தில், தொலைவிலுள்ள கத்ரீன் என்னும் மலையேரியின் நீரை அந்நகர்க்குக் கொணரத் திட்டமிட்டனர். 1859 அக்டோபரில் விக்டோரியா அரசியார் அதனைத் திறந்து வைத்தார். தெளிந்த நீர், சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், தேநீர் சுவைக்கும், காலரா ஒடுங்கியது. நகரமே கொண்டாடிற்று. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்நீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. சிறிது புளிப்புத் தன்மையும் உண்டு. வீடுகளிலோ குழாயும் தொட்டியும் காரீயத்தால் ஆனவை. இரவெல்லாம் குழாயில் தங்கிய நீர் காலையிற் காரீயத்தைக் கரைத்துக்கொண்டு வந்தது. நூறாண்டுக்குப் பின்னர், 1970-களில்தான், அந்நகரத்து மருத்துவர் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைவையும் தாய்மாரின் குருதியிலுள்ள காரீயத்தையும் குழாய்நீரோடு பொருத்திப் பார்த்தனர். 1978-இல் நீரிற் சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை மாற்றினர். குருதியிற் காரீயம் குறைந்தது. பின்னர் பாஸ்பேட் என்னும் உப்பையும் சேர்த்தனர். அது குழாயின் உள்ளே கரையாத மெல்லிய படலமாகப் படிகின்றது.

கிளாஸ்கோவின் கதையில் நமக்கு முக்கியமானது ஒன்று. நீர் எவ்வளவு தூயதோ அவ்வளவு பசியுள்ளது. சுண்ணாம்பு கரைந்த நீர், வயிறு நிறைந்தவனைப்போல, உலோகத்தைத் தீண்டாமற் செல்லும். மழையாய்ப் பெய்து, பாசியிலும் இலைமக்கிலும் ஊறி, கருங்கற் பாறைமேல் ஓடிவந்த நீருக்கோ கரைத்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. அது குழாயைத் தின்னும். கேமரன் மலை பெரும்பாலும் கருங்கல். பிரிஞ்சாங் சிகரத்தில் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் முகில் தவழும் பாசிக்காடு உள்ளது. அங்கிருந்து இறங்கும் ஓடைநீரின் மென்மையைப் புகழாதவர் இல்லை. அதே நாளில் தாப்பா வழியாக இறங்கி ஈப்போவிற்குச் சென்றால், அங்குள்ள சுண்ணாம்புக்கற் குன்றுகளின் ஊற்றுநீர் கடினமாய் இருப்பதைக் காணலாம்; கெண்டியின் அடியில் வெள்ளைக் காரை படியும். இல்லத்தரசியர் அக்காரையைச் சபிக்கின்றனர். அக்காரையே குழாயினுள் காவலாளி என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

இனித் தோட்டத்துத் தண்ணீரின் வரலாறு. மலாயாத் தோட்டங்களில் நம் மூதாதையர் கூட்டங்கூட்டமாக மாண்டதற்குக் காரணம் காரீயமன்று, காய்ச்சலும் கழிச்சலுமே. ஓடையில் குளிப்பதும், துவைப்பதும், அதே ஓடையில் குடிப்பதுமாக இருந்த காலம் அது. 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவை அடக்கிக் காட்டியபின், தொழிலாளர் நலம் நிலத்தையும் நீரையும் சார்ந்தது என்பதை மறுக்க எவராலும் இயலவில்லை. 1912-இலும் 1923-இலும் தொழிலாளர் சட்டங்கள் இயற்றப்பட்டன. வீடு, மருத்துவம், தண்ணீர் ஆகியவை முதலாளியின் கடமைகளாக எழுத்தில் ஏறின. எழுத்தில் ஏறியதெல்லாம் லயத்தில் இறங்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் கிணற்றுக்குச் சுவரும், ஓடைக்கு அணையும், தொட்டிக்கு மூடியும் மெல்ல மெல்ல வந்தன.

பின்னர் யுத்தம் வந்தது. ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து தமிழரை ஆயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். 1943-இல் அம்முகாம்களிற் காலரா பரவிற்று. கொதித்த நீரைத் தவிர வேறு நீரைத் தொடாதே என்னும் கட்டுப்பாட்டை ஏற்படுத்த வசதியிருந்த முகாம்களிற் சிலர் பிழைத்தனர். மருத்துவரும் இன்றி, பாத்திரமும் இன்றி, கேட்பாரும் இன்றிக் கிடந்த நம்மவர் மழையில் நனைந்த மண்ணோடு மண்ணாயினர். மீண்டு வந்தவர் வாயிலாகத் தோட்டங்களுக்கு ஒரு பாடம் வந்தது: தண்ணீரைக் கொதிக்க வை. இப்பாடம் எத்தனை உயிர்களின் விலை என்பதை அறிந்தவர் அதனை இகழமாட்டார். இன்றும் லயத்துப் பெண்கள் விடியலில் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து, கெண்டியை நிரப்பி, அடுப்பில் ஏற்றுகின்றனர்.

விடியலில், முதல் வேலையாக! இரவு முழுவதும் குழாயில் தங்கிய நீர் அது. கொதிப்பு கிருமியைக் கொல்லும். காரீயம் உயிருள்ள பொருளன்று, அதனைக் கொல்ல இயலாது. நீர் ஆவியாகிக் குறையும், காரீயம் குறையாது, ஆகவே எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். கிருமியை வென்ற வழக்கமே, குழாயிற் காரீயம் இருக்குமாயின், குழந்தையின் பால்மாவிற் கலக்கும் நீரைக் கெடுப்பதாய் முடிகின்றது. ஆகையாற் கொதிக்க வைப்பதை விட்டுவிடுக என்று எவரும் எண்ணிவிட வேண்டா. இரண்டு பகைவர் இருக்கின்றனர். ஒருவனுக்கு ஆயத்தமாகிய ஆயுதம் மற்றவனிடம் செல்லாது. அவ்வளவே.

காரீயக் குழாயே நம் தோட்டங்களில் இல்லையே, பின் அச்சம் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரும்புக் குழாய்க்குப் பூசிய துத்தநாகத்திற் சிறிதளவு காரீயம் கலந்து வருவது நெடுங்கால வழக்கம். செப்புக் குழாய்களை இணைக்கும் பற்றாசிற் பாதியளவு காரீயமாகவே இருந்தது. அமெரிக்காவிற்கூட 1986-இல்தான் அது குடிநீர்க் குழாய்க்குத் தடை செய்யப்பட்டது. குழாயின் வாயிலுள்ள பித்தளைத் திருகு கடைவதற்கு எளிதாக வேண்டும் என்று அதிலும் காரீயம் சேர்ப்பர். எட்டு விழுக்காடு வரையில் காரீயம் உள்ள பித்தளையும் 'காரீயம் அற்றது' என்றே அந்நாட்டுச் சட்டத்தில் 2014 வரையில் வழங்கிற்று. சொல்லின் பொருளைச் சட்டம் எவ்வளவு நீட்டவல்லது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு உண்டோ! பிளாஸ்டிக் குழாய் வந்தபின் தொல்லை ஒழிந்தது என்றால், வெயிலிலும் வெப்பத்திலும் கெடாதிருக்க அதன் கலவையிலும் காரீய உப்பைச் சேர்த்தனர். ஐரோப்பியத் தொழிலார் 2015 இறுதியில் அதனைக் கைவிட்டனர். இந்தியா 2021-இல் அதற்கென விதி செய்தது. அதற்கு முன்னர் பதித்த குழாய்கள் மண்ணுக்குள் அப்படியே கிடக்கின்றன.

தேயிலைத் தொழிலுக்கும் காரீயத்திற்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அதனை இவ்விடத்திற் கூறாமற் செல்ல மனம் வரவில்லை. சீனத்திலிருந்தும், பின்னர் இந்தியா இலங்கையிலிருந்தும், தேயிலை கப்பலேறிய மரப்பெட்டிகளின் உட்புறம் காரீயத் தகட்டால் வேயப்பட்டிருந்தது. ஈரமும் கடற்காற்றும் புகாமல் காக்க வேறு மலிவான பொருள் அக்காலத்தில் இல்லை. தகட்டின் விளிம்புகளைப் பற்றாசால் மூடுவது தொழிற்சாலையில் ஒரு தனி வேலை. இருபதாம் நூற்றாண்டில் அலுமினியத் தகடு வந்து அவ்வழக்கத்தை நீக்கிற்று. தேயிலையின் மணத்தைக் காக்க இத்துணை விழிப்பாய் இருந்த தொழில், பெட்டியை மூடியவன் நுகர்ந்த புகையை எங்கும் எழுதி வைத்ததாகக் காணோம்.

காரீயம் குழாயின் கடைசி முழத்திற் கலக்குமாயின், ஊற்றைச் சோதித்து நற்சான்று கொடுப்பதால் என்ன பயன்? இக்கேள்வியை அண்மைக் காலத்தில் இரண்டு ஊர்கள் உலகின் முன் வைத்தன.

ஒன்று அமெரிக்காவின் பிளின்ட் நகரம். 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, அந்நகரின் நீர்மூலத்தைப் பிளின்ட் ஆற்றுக்கு மாற்றினர். ஆற்றுநீர் குழாயை அரிக்கும் இயல்புடையது. அதனைத் தடுக்கும் உப்பைச் சேர்க்கவில்லை. பழைய காரீயக் குழாய்களின் உட்படலம் கரைந்தது. மக்கள் நிறம் மாறிய நீரைப் புட்டியில் ஏந்திக் கூட்டங்களுக்கு வந்தனர். நீர் நல்லது என்று அதிகாரிகள் சாதித்தனர். அதற்குக் கட்டணமும் மக்களே கட்டினர். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அட்டிஷா என்னும் குழந்தை மருத்துவர், நீர் மாறியபின் குழந்தைகளின் குருதியிற் காரீயம் உயர்ந்ததைக் கணக்கோடு வெளியிட்டார். அடுத்த மாதமே பழைய நீர்மூலத்திற்குத் திரும்பினர்.

மற்றொன்று நமக்கு அண்டையிலுள்ள ஹாங்காங். அங்கே 2015 ஜூலையில் கை சிங் என்னும் அரசாங்கக் குடியிருப்பின் குழாய்நீரில் காரீயம் மிகுந்திருப்பது வெளிப்பட்டது. கண்டுபிடித்தது நீர் இலாகா அன்று. ஓர் அரசியற் கட்சியார் எடுத்துச் சோதித்த மாதிரி. பின்னர் பதினொரு குடியிருப்புகளில் அதே குறை காணப்பட்டது. நீர்மூலத்திற் குற்றமில்லை, நகரத்துப் பெருங்குழாயிலும் குற்றமில்லை, கட்டடத்தின் உட்குழாய்களை இணைத்த பற்றாசில் விதிக்கு மாறாகக் காரீயம் இருந்தது. புதிய கட்டடங்கள் அவை! விசாரணைக் குழு 2016-இல் மற்றொரு குறையையும் எடுத்துக்காட்டிற்று. நீர் மாதிரி எடுப்பவர் குழாயைத் திறந்து, இரண்டு முதல் ஐந்து நிமிடம் நீரை ஓடவிட்டு, அதன் பின்னரே புட்டியில் பிடித்தனர். தங்கிய நீர் ஓடிப்போன பின் பிடித்தால் குழாயின் குற்றம் எங்ஙனம் தெரியும்? குடியிருப்பவரோ விடியலில் எழுந்து முதல் நீரையே குடிக்கின்றனர். அதனை 'முதற்பிடி நீர்' என்று தமிழிற் சொல்லலாம். காரீயத்தைத் தேடுபவர் அதனைத்தான் சோதிக்க வேண்டும்.

இனி நம் பள்ளத்தாக்கு. 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்து சென்றபின் நாற்பதாண்டு இம்மலை காடாகவே கிடந்தது. 1925-இல் ஜார்ஜ் மாக்ஸ்வெல் ஊக்கிய பின்னரே அரசாங்கம் இதன்மீது கண் வைத்தது. 1929-இல் போ தோட்டமும், 1933-இல் பாரத் தோட்டமும் தொடங்கின. காட்டை வெட்டிச் செடியை நட்டவருள் நம்மவர் பெரும்பான்மை. 1963-இல் ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணை எழுந்தது. தெலோம் ஆற்றின் நீரையும் மலையைக் குடைந்து பெர்த்தாம் ஆற்றில் சேர்த்து, அங்கிருந்து மேற்கே பேராக்கிற்குத் திருப்பி மின்சாரம் எடுக்கின்றனர். பகாங்கிற் பெய்த மழை பேராக்கில் விளக்கெரிக்கின்றது என்று இங்கே வேடிக்கையாகப் பேசுவதுண்டு. அணைக்குக் கீழேயுள்ள லெம்பா பெர்த்தாமிற்கு எஞ்சிய ஆறும், வெள்ளத்தின் அச்சமும் உரியவை. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் விடியுமுன் அணைநீர் திறக்கப்பட்டு, உயிரும் உடைமையும் போயின. அன்று முதல் இவ்வூரில் தண்ணீர்ப் பேச்சென்றால் அணைப் பேச்சுத்தான். மலைச்சரிவுத் தோட்டங்களின் மண் மழைநாளில் ஆற்றைச் சிவக்கச் செய்வதும், பூச்சிமருந்து ஓடையிற் கலப்பதும் அவ்வப்போது பேசப்படுகின்றன. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. காரீயத்திற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை.

நம் நாட்டுச் சுகாதார இலாகா குடிநீரில் அனுமதிக்கும் காரீயத்தின் எல்லை ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் அதுவே. நூறு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் என்று கொண்டால் மனத்திற் பதியும். இவ்வளவு வரையில் தீங்கே இல்லை என்பது பொருளன்று. குழந்தைகளுக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பதை அந்நிறுவனமே கூறுகின்றது. வளர்ந்தவர் குடலில் புகுந்த காரீயத்தில் சிறு பகுதியே உடம்பிற் சேரும். சிறு குழந்தைகளிடத்தில் அதனினும் நான்கைந்து மடங்கு சேர்கின்றது. உணவிற் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த குழந்தையிடம் இன்னும் மிகுதியாகச் சேரும். எந்த வீட்டுக் குழந்தை அது என்பதை நாம் சொல்லாமலே வாசகர் அறிவர்.

நம் தோட்டக் குழாய்களிற் காரீயம் இருக்கின்றது என்று யாம் குற்றஞ்சாட்ட வரவில்லை. இல்லை என்று எவரும் காட்டட்டும் என்கின்றோம். யான் ஒரு தோட்டத்துக் கிராணி. சாமான் பதிவேட்டைப் பல்லாண்டாக எழுதி வருபவன். குழாய் வந்தால் நீளம் எழுதுகின்றோம், விட்டம் எழுதுகின்றோம், விலை எழுதுகின்றோம். பற்றாசு என்றால் இத்தனை சுருள். திருகு என்றால் இத்தனை டஜன். எந்த உலோகம், எந்தக் கலவை என்னும் கட்டம் அப்பதிவேட்டில் இல்லை. லயம் கட்டிய ஆண்டு தெரியும். அதன் குழாய் எந்த ஆண்டு எதனால் மாற்றப்பட்டது என்று கேட்டால், பழைய தச்சரின் ஞாபகமே சாட்சி.

சட்டத்திற்குக் குறைவில்லை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தோட்டத்திற் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதிய குழாய்நீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்கின்றது. 2019-இல் திருத்திப் பிற தொழில்களுக்கும் அதனை விரித்தனர். ஆகவே விலையைப் பற்றிய வழக்கு ஏட்டளவில் தீர்ந்தது. ஆனால் இலவசம் என்பது நீருக்கு. குழாய் எவர் பொறுப்பு? பொதுநீர்க் குழாய் தோட்டத்து வாயிலோடு நின்றுவிடும். அதற்கப்பால் தொட்டி, கிளைக்குழாய், லயத்துத் திருகு எல்லாம் தோட்டத்தின் சொத்து. ஊற்றுநீரையே நம்பியுள்ள இடங்களில் வாயிலுக்கு இப்பாலும் அப்பாலும் தோட்டமே. இலாகா ஊற்றில் மாதிரி எடுத்துச் சென்றால், குடிப்பவன் வாய்க்கும் அவ்வூற்றுக்கும் இடையில் இரண்டு மைல் குழாய் கணக்கின்றிக் கிடக்கும். இப்பொழுது லயங்களில் நம்மவரோடு வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் வாழ்கின்றனர். இரண்டு மூன்று ஆண்டில் திரும்பிச் செல்பவர் குழாயைப் பற்றி வினவப் போவதில்லை. வினவ வேண்டியவர் நிலைத்திருப்பவரே.

இங்கே ஒரு பழைய மூடத்தனம் நினைவிற்கு வருகின்றது. மனிதன் தொட்டால் தண்ணீர் தீட்டு என்று நம்பிய சமூகம் நம்முடையது. 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாட் நகரத்துக் குளத்தில் டாக்டர் அம்பேத்கரும் அவர் தோழரும் கையால் நீரள்ளிக் குடித்ததற்காக அடியும் உதையும் விழுந்தன. பின்னர் அக்குளத்தைச் சாணமும் பாலும் கலந்த குடங்களால் 'சுத்தி' செய்தனர். கடல் கடந்து வந்தபோதும் சிலர் அத்தீட்டை மூட்டையிற் கட்டிக்கொண்டே வந்தனர். எந்தக் கையாலும் நீருக்கு நேராத தீங்கை நினைத்துத் தலைமுறை தலைமுறையாய் அஞ்சியவர், ஒரு துண்டு உலோகத்தால் உண்மையாகவே நேரும் தீங்கை வினவாமலே குடித்து வருகின்றனர். பாத்திரம் யாருடையது என்று கேட்கத் தெரிந்த நாவிற்கு, பாத்திரம் எதனாலானது என்று கேட்பது அரிதோ?

செய்யக்கூடியவை பெருஞ்செலவுடையன அல்ல. காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் வாளி நீரைக் குளிக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, அதன் பின் வரும் குளிர்ந்த நீரைக் கெண்டியில் பிடிக்கலாம். காசு ஒன்றும் இல்லை. ஆனால் இது தற்காலிக உபாயமே. குழாயின் குற்றத்தைத் தாய்மார் விழிப்பின்மேல் சுமத்திவிட்டு நிருவாகம் ஓய்ந்திருக்க இடங்கொடுக்கலாகாது. ஒவ்வொரு லயத்திலும் கடைக்கோடி வீட்டின் முதற்பிடி நீரை எடுத்து, அரசாங்க ரசாயனச் சாலைக்கோ தகுதி பெற்ற தனியார் சாலைக்கோ அனுப்ப வேண்டும். ஊற்றின் மாதிரி இதற்கு ஈடாகாது. தொழிற்சங்கத்தார் கூலிப் பேச்சோடு இதனையும் ஓர் அம்சமாக வைக்கலாம். காரீயம் கண்டால் முதலில் மாற்ற வேண்டியவை திருகும் இணைப்பும். முழுக் குழாயையும் தோண்டுவது பின்னர்.

இன்னொரு வழி கிளாஸ்கோவார் காட்டியது. மென்னீரைச் சுண்ணாம்புக்கற் சல்லியின் ஊடே செலுத்தினால் அதன் பசி அடங்கும். சிறிய ஊற்றுநீர்த் திட்டங்களில் பிற நாட்டார் இம்முறையைக் கையாள்கின்றனர். சல்லி கரையக் கரைய மேலே இட்டு வரவேண்டும், அவ்வளவுதான் பணி. எவ்வளவு கல், எவ்வளவு நேரம் என்பதை நீரைச் சோதித்துப் பொறியியலார் சொல்லட்டும். சுண்ணாம்புக்கல்லைத் தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. தாப்பாப் பாதையில் இறங்கினாற் கிந்தாவில் குன்று குன்றாய் நிற்கின்றது. லாரி வாடகையே பெரும் செலவு.

மாற்றிய பித்தளைத் திருகுகளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். கழற்றிய சாமானைப் பழைய உலோக வியாபாரிக்கு எடைக்கு விற்பது தோட்ட வழக்கம். அவை உருகிப் பாத்திரமாய் மீண்டும் யாரோ ஒருவர் அடுப்பிற்கு வரும். ஆகையால் அவற்றைத் தனியே கட்டி, குடிநீர்க்கும் சமையற்கும் ஆகாது என்று எழுதி ஒட்டி, காரீயத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆலைக்கே அனுப்ப வேண்டும். பதிவேட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்வதில் கிராணிமார்க்குச் சிரமம் ஒன்றுமில்லை.